ஆஸ்பத்திரிக் கூரையில் நாம் போட்ட புல்

மச்சான், நேற்று குன்னூரில் சம்பந்தியாகப் போகிறவர்கள் முன்னால் வர்க்கியைக் கடித்தேன். வர்க்கி உடையவில்லை, என் கட்டுப்பல் கழன்று அதிலேயே குத்திக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் அப்பா நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் தங்கச்சிதான் சத்தமாகச் சிரித்தாள். "அது எங்கண்ணன் கழட்டுன எடங்க" என்று பெருமை வேறு. மார்வலியில் நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. எனக்கு வாய்க்குள் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

தேயிலை விலை பாதாளத்துக்குப் போய், எஸ்டேட் ஃபேக்டரி பூட்டிக் கிடந்த காலம். பறிக்க ஆளில்லாமல் செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. மேட்டிலிருந்த அரசு ஆஸ்பத்திரியின் தட்டைக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் மொத்தமாகக் கொட்டி, கீழே நம் லயத்து வீடுகளின் அடிமண்ணை அரித்தது. கூரைமேல் மண் பரப்பிப் புல் வளர்த்தால் அது மழையைக் குடித்து மெல்ல மெல்ல விடும் என்றார் எஞ்சினீயர். நீ மேஸ்திரி. நான் பத்தாவது வரை படித்தவன். ஆகவே அவர் சொன்னது புரிந்த மாதிரி தலையாட்டும் வேலை எனக்கு.

புல் வேர் பிடிப்பதற்குள் மழை மண்ணை வாரிக்கொண்டு போய்விடும் என்று உனக்குப் பயம். கவாத்தில் வெட்டிய குச்சியும் இலையுமான மிலாறைத் தேயிலைக் காட்டில் மண்மேலேயே பரப்பிவிடுவோமே, அதையே கூரையிலும் செய்தாய்.

"எஞ்சினீயர் புல்லு மட்டுந்தான்னு சொன்னாரே மச்சான்."

"அவரு வந்து மழையில படுப்பாரா? காடானா என்னா, கூரையானா என்னா, மண்ணுக்குப் போர்வை வேணும்டா."

உன் தங்கச்சிக்கு வலி எடுத்த அன்று மத்தியானம் வானம் பிளந்தது. காற்று சீகை மரங்களின் தலையைப் பிடித்து உலுக்கியது. ரோட்டில் மண் சரிந்து, அவளை வேறெங்கும் கொண்டுபோக ஜீப் வர வழியில்லை; மேட்டு ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். பிரசவ அறையின் மேல்தளம் விரிசல் விட்டுச் சேற்றுத் தண்ணீர் ஒழுகியது. கோயமுத்தூர்க்கார நர்ஸம்மா வராந்தாவுக்கு ஓடி வந்தார்.

"ஏனுங்க, மேல என்னத்தப் பண்ணி வெச்சிருக்கறீங்க? கொழந்தையோட தல தெரியுதுங்க. இப்பப் போயி பொண்ண அசைக்க முடியுமா?"

ஏறிப் பார்த்தால் கூரை குளமாகியிருந்தது. தண்ணீர் போகும் குழாய்வாய் இரண்டும் அடைத்திருந்தன. மண்ணின் கனம், அதற்கு மேல் தண்ணீரின் கனம், எல்லாவற்றுக்கும் அடியில் அவள். நான் மண்டியிட்டு ஒரு குழாய்வாயைக் கையால் தோண்டினேன். நீ கடப்பாரையால் கைப்பிடிச்சுவரை இடித்தாய். சுவரோடு நீயும் போய்விடுவாய் என்று பாய்ந்து ஒரு கையால் உன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"விடுடா! கீழ கெடக்கிறது என் தங்கச்சிடா!"

"எனக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரியா?"

முழங்கையால் ஒன்று விட்டாய். ரத்தம், மழை, மண் மூன்றும் வாய்க்குள் கலந்தன. பல் எந்தப் பக்கம் போனதென்று இன்றுவரை தெரியாது. நீ நிறுத்தவில்லை. உன் விரல் நகம் பிய்ந்து தொங்கியது. வெறி பிடித்தவனாகக் குத்தினாய். சுவர் உடைந்தது. தண்ணீர் காட்டெருமை மாதிரி முட்டிக்கொண்டு பாய்ந்தது. மண், புல், மிலாறு எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு, என் காலையும் வாரியது. அடித்த அதே கையால் என் தலைமுடியைப் பிடித்து நிறுத்தினாய். இன்றைக்கென்றால் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

கீழேயிருந்து நர்ஸம்மா கத்தினார்: "இடிக்கறத நிறுத்துங்க சாமி! பொண்ணு பொறந்திருக்குது! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க!"

நீ சேற்றில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாய். நானும் அழுதேன், கேட்டவர்களிடம் பல்வலி என்றேன்.

பிறகு நீ என் பக்கம் திரும்பினாய். "எதுடா அடைச்சிருந்திச்சி? நான் போட்ட மிலாறா?"

எவனையும் அடிக்கக் கை ஓங்குகிறவன் நீ. உன் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. குழாய்வாயிலிருந்து பிடுங்கியது இன்னும் என் கைக்குள் இருந்தது. முதுகுக்குப் பின்னால் நழுவவிட்டேன்.

"சீகை இலை மச்சான். காத்துல வந்தது."

மறுவாரம் கோடரியோடு போய் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நின்ற சீகை மரத்தைச் சாய்த்தாய். "எந்தங்கச்சியவா கொல்லப் பாத்த?" வெட்டுக்கு ஒரு கெட்ட வார்த்தை. அந்த அப்பாவி மரத்தின் விறகை நான்தான் சுமந்தேன். குழந்தைக்கு அதில்தான் வெந்நீர் காய்ந்தது.

எஞ்சினீயர் குழாய்வாய்க்குக் கம்பிவலை வைத்து, புல்லை மறுபடி போடச் சொன்னார். மிலாறு வேண்டாம் என்று அவர் சொல்வதற்கு முன்பே நீ தலையாட்டிவிட்டாய். கூரை இன்றும் பச்சையாக இருக்கிறது. மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. லயத்து மண் அப்புறம் அரிக்கவில்லை.

ஆனால் நீ இருந்தவரை, ஒவ்வொரு மழைக்கும் முன்னால் மேலே ஏறி, காற்று கொண்டுவந்த சீகை இலையை ஒன்று விடாமல் பொறுக்கினாய். முழங்கால் வீங்கிய பிறகும் ஏறினாய். "இந்தச் சனியன் மட்டும் அன்னிக்கி வராம இருந்திருந்தா..." என்று மேலேயிருந்து திட்டுவாய். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு "ஆமா மச்சான்" என்பேன்.

ஒவ்வொரு முறையும் தொண்டை வரை வந்து நின்றது இதுதான்: மிலாறுதான் மச்சான். போனாப் போகுது, எறங்கி வா.