அவ்ரான் என்றால் பாட்டு

பாலிநாகில்,
கார்க் மாவட்டம்.
1921 மார்ச் 6

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் ஹனோரா எழுதிக்கொண்டது. நானும் இரண்டு பெண்பிள்ளைகளும் மாதா கிருபையால் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கடலுக்கு அப்பால் அந்த மொன்டானா சுரங்கத்துக்குள் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று தினமும் ஜெபமாலை சொல்கிறோம்.

உங்கள் தம்பி கார்மக் செத்த செய்தி சாமியார் கொடுத்த தந்தியில் வந்திருக்கும். அதன் பின்னாலேயே மின்னி ஹர்லியின் கடிதமும் வந்திருக்கும். அவள் எழுதாமல் இருந்தால்தான் ஆச்சரியம். "ரெண்டு வருஷமா ஐரிஷ் படிக்கிறேன்னு திரிஞ்சான், கேட்டப்போ பயத்துல ஒரு வார்த்தை வாயில வரலை, அதான் போய்ச் சேந்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலிலேயே, என் காதுபடச் சொன்னாள். விட்டேன் கன்னத்தில் ஒன்று. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. சாமியார் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

நடந்ததை நான் சொல்கிறேன். நான் அங்கேதான் இருந்தேன்.

தச்சுப் பட்டறை மாடியில் மிஸ் கோட்டர் ஐரிஷ் பாடம் நடத்துவது உங்களுக்குத் தெரியும். மழையோ பனியோ சைக்கிளில் வந்துவிடுவாள். ஈஸ்டருக்கு ஒரு நாடகம் போடலாம் என்று பேச்சு. அதனால் குளிர்காலம் முழுக்க ஆட்டம், பாட்டு, கூத்து சம்பந்தமான சொற்களாகவே பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு மாமியார் வேஷம். "அண்ணி, உனக்கு வேஷமே போட வேணாம். சும்மா வந்து நின்னாலே சனம் நடுங்கும்" என்று கார்மக் கேலி செய்தான். பால் கறக்கும்போதும் அவனுக்கு அதே பாடம்தான். கியோல் என்றால் இசை, ரிங்க என்றால் ஆட்டம், அவ்ரான் என்றால் பாட்டு என்று ராகம் போட்டு இழுப்பான். மாடுகளைக் கேட்டிருந்தால் அவையே ஒப்பித்திருக்கும். அவனுக்கா தெரியாது?

கார்மக் செத்த வாரம் லிமரிக்கிலிருந்து ஓர் இளைஞன் வந்து சேர்ந்தான். போலீஸ் பாசறையைத் தாக்கியவர்களில் ஒருவன், ஆங்கிலேயப் பட்டாளம் தேடுகிற ஆள். வீடு வீடாகச் சோதனை நடந்ததால் அவனை எந்த வீட்டிலும் வைக்க முடியவில்லை. மிஸ் கோட்டரின் சித்தி மகன் என்று சொல்லி வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைத்தோம். அவனுக்கு ஐரிஷ் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. கடைசி பெஞ்சில், கார்மக்குக்கு அடுத்து உட்கார்ந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் பட்டாளத்து லாரிகள் வந்தன. கதவைத் திறக்கக்கூட விடவில்லை, உதைத்தே உடைத்தார்கள். அவர்களுடைய கேப்டன் மாடி ஏறி வந்தபோதே விஸ்கி வாடை முன்னால் வந்தது. நாடகத்துக்கு வாசிக்க வந்திருந்த கிழவர் ஜெர்ரியின் பிடிலை வாங்கிப் பார்த்தான். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சுவரில் அடித்து நொறுக்கினான். ஏன் உடைக்கிறீர்கள் என்று மிஸ் கோட்டர் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவள் வாயில் இடித்தான். பல் இரண்டு தரையில் விழுந்து உருண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு ஜெர்ரியை நடுவில் நிறுத்தினார்கள். "வாசிக்கத்தான் முடியாது, ஆடவாவது ஆடு பெருசு" என்று சொல்லிவிட்டு அவர் காலடியில் சுட்டான் கேப்டன். பலகை சிதறி, சிராய் அவர் பாதத்தில் ஏறியது. மறுபடி சுட்டான். அந்த மனுஷன் ரத்தக் காலோடு குதித்தார். சிப்பாய்கள் தாளம் தப்பாமல் கைதட்டினார்கள். விழும்வரை விடவில்லை. இதை எழுதும்போதும் என் பல் கிட்டிக்கொள்கிறது. பாவிகள் கட்டையில் போக.

அதற்குப் பிறகுதான் கேப்டன் கரும்பலகை பக்கம் திரும்பினான். அதிலிருந்ததையெல்லாம் சட்டைக் கையால் துடைத்தான். "உங்கள்ல ஒருத்தன் வெளியூர்க்காரன். அவனுக்கு இந்த பாஷையில ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தகவல் வந்திருக்கு. நான் ஒவ்வொரு வார்த்தையா கேப்பேன். சொல்லிட்டா உக்காரலாம். சொல்லத் தெரியாதவன் என்னோட வரணும்" என்றான். சொல்வது சரியா என்று பார்க்க ஒரு கான்ஸ்டபிளைக் கூட்டிவந்திருந்தான். கால்வேக்காரன், ஐரிஷ்தான் அவனுக்குத் தாய்மொழி. நம் ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

முன் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தான். என்னிடம் நடிகனுக்கு என்ன சொல் என்று கேட்டான். எப்படியோ சொல்லிவிட்டேன். கான்ஸ்டபிள் தலையாட்டினான். ஒவ்வொருவராகச் சொல்லி உட்கார்ந்தார்கள். கடைசியில் கார்மக்கும் லிமரிக்காரனும்தான் மிச்சம். லிமரிக்காரனின் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. கார்மக் அதன்மேல் கை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு எழுந்து நின்றான்.

"பாட்டுக்கு என்ன?" என்று கேட்டான் கேப்டன்.

"தெரியலைங்க" என்றான் கார்மக்.

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இசைக்கு என்ன என்றான். "தெரியலைங்க." ஆட்டத்துக்கு? "தெரியலைங்க." நான் வாயைத் திறந்துவிட்டேன். மிஸ் கோட்டர் ரத்தம் ஒழுகும் வாயோடு என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். கார்மக் என்னைத் திரும்பிப் பார்த்தான். பயமில்லை அந்தப் பார்வையில். அடுப்பை அணைத்துவிட்டாயா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகப் பார்த்தான்.

கேப்டனுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. கான்ஸ்டபிளைப் பார்த்து, "இவனை இந்த ஊர்ல பாத்திருக்கியா?" என்று கேட்டான். கிறிஸ்துமஸ் சந்தையில் கார்மக் ஐரிஷ் பாட்டுப் பாடியபோது முன்னால் நின்று கண் கலங்கிக் கேட்டவன் அந்தக் கான்ஸ்டபிள். பாடி முடித்ததும் தோளில் தட்டிக்கொடுத்தவன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாத்ததில்லை சார்" என்றான். சில நாள் அவன் கையை முத்தமிடத் தோன்றுகிறது, சில நாள் கோடாலியால் அவன் மண்டையைப் பிளக்கத் தோன்றுகிறது. எது நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆள் கிடைத்துவிட்டான் என்று கடைசி ஆளைக் கேட்காமலே கிளம்பிவிட்டார்கள். கார்மக்கின் கையைக் கட்டி லாரிக்குப் பின்னால் ஓடவிட்டார்கள். சுண்ணாம்புச் சூளை வரைக்கும் பாதையில் ரத்தம் இருந்தது. மறுநாள் அங்கேதான் கிடந்தான். நான்தான் கழுவினேன், உங்கள் அம்மாவைக் கிட்டே விடவில்லை. விரல் நகம் ஒன்றுகூட மிச்சமில்லை. முகத்தைத் துணியால் மூடித்தான் பெட்டியில் வைத்தோம். இதற்குமேல் கேட்காதீர்கள்.

அவ்வளவு அடித்தும் தான்தான் அந்த லிமரிக்காரன் என்றே சொல்லியிருக்கிறான். தேடின ஆளைச் சுட்டாகிவிட்டது என்று பட்டாளம் லிமரிக்காரன் பெயரைப் பத்திரிகையில் போட்டுவிட்டது. போட்ட பிறகு தப்பு தெரிந்தாலும் ஒத்துக்கொள்வார்களா? தேடுதல் நின்றது. உண்மையைச் சொன்னால் ஊரையே கொளுத்துவார்கள், அந்த இளைஞனையும் பிடிப்பார்கள். அதனால்தான் மின்னியைக் கன்னத்தில் அடிக்க முடிந்ததே தவிர, அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பயந்தாங்கொள்ளி என்ற பெயரோடு நம் பிள்ளை மண்ணுக்குள் கிடக்கிறான். நெஞ்சு எரிகிறது எனக்கு.

அடக்கம் முடிந்த அன்று லிமரிக்காரன் நம் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்தான். "நான்தான் எந்திரிச்சிருக்கணும் அக்கா. கால் வரலை" என்று அழுதான். நான் அவனை அடித்தேன். கைக்குக் கிடைத்த கரண்டியால், அது வளைந்த பிறகு கையால், மூச்சு வாங்கும்வரை அடித்தேன். தடுக்காமல் நின்றான். பிறகு சூப்பு ஊற்றிக் கொடுத்தேன். கார்மக்கின் பூட்ஸை மாட்டிவிட்டேன். அவனுக்கும் இவனுக்கும் ஒரே அளவு.

தபாலில் போட்டால் பிரித்துப் பார்ப்பார்கள், அதனால் இதை ஆள் மூலமாகத்தான் அனுப்புகிறேன். இதைக் கொண்டுவந்து கொடுத்தவனை வாசலில் நிற்கவைத்துவிட்டு வாசித்துக்கொண்டிருப்பீர்கள். அவன்தான். குனிந்து அவன் காலைப் பாருங்கள்.

உங்கள் கோபம் எனக்குத் தெரியும், உங்கள் முஷ்டியும் தெரியும். ஆனால் நம் வீட்டுப் பங்கு அடியை நான் கொடுத்தாகிவிட்டது. அந்த உடம்பில் ஓடுவது கார்மக் விலை கொடுத்து வாங்கின உயிர். அதன்மேல் உங்கள் கை பட வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அவனை உள்ளே கூப்பிடுங்கள். சுரங்கத்தில் உங்கள் பக்கத்திலேயே ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள். வாயைத் திறந்து பேச மாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதாவும் சூசையப்பரும் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசலில் நிற்கிறவனுக்காகவும் ஜெபிக்கும்
ஹனோரா