பதின்மூன்றே கால் மணித்தியாலம்

2025 ஒக்டோபர் 5, ஞாயிறு

மகன் முனீப் லண்டனிலிருந்து இன்றும் அதே கதை. "தூரம் வாப்பா, நினைச்ச உடன வர ஏலாது." ஆறு வருடமாகத் தூரம். எவ்வளவு என்று நானே பார்த்தேன். சுவரில் இருக்கும் உலகப் படத்தில் லண்டன் விமான நிலையத்துக்கும் நம் கட்டுநாயக்காவுக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்தேன். பத்தாயிரத்து அறுநூறு கிலோமீற்றர். மணிக்கு எண்ணூறு என்றால் பதின்மூன்றே கால் மணித்தியாலம்.

மகள் பஸ்மியா போனைக் காட்டினாள். "எட்டாயிரத்து எழுநூறுதான் வாப்பா. பத்தரை மணித்தியாலம்."

போனுக்கு என்ன தெரியும்? துறைமுகத்தில் முப்பது வருடம் குடாவின் வரைபடத்தை இதே அடிமட்டத்தால் அளந்தவன் நான். ஒருநாளும் பிழைத்ததில்லை.

11, சனி

ஆஸ்பத்திரியில் என் மனைவி சுஹைரா கஞ்சியும் குடிக்கவில்லை. முனீப் எப்போது வருவான் என்று மட்டும் கேட்கிறாள்.

15, புதன்

வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டொக்டர். முனீப் நம் நேரம் இன்றிரவு பத்தரைக்கு விமானம் ஏறுகிறானாம். இப்போதுதான் அவனுக்குத் தூரம் குறைந்திருக்கிறது.

16, வியாழன்

விடிய, சுபஹ் தொழுகை நேரத்தோடு சுஹைரா போய்விட்டாள்.

பள்ளிவாசல் தலைவர் றஊப் முற்றத்தில் நின்று கேட்டார். "காக்கா, ஜனாஸாவ அடக்காம மூணேகால் அஸர் வரைக்கும் வைக்கலாம். அதுக்கு மேல ஏலாது. மகன் வந்து சேருவாரா?"

"ஒன்பதுக்கு இறங்கினா மூணு மணிக்குள்ள வீட்ட வந்திருவார்" என்றாள் பஸ்மியா.

நான் என் கணக்கைச் சொன்னேன். பதினொன்றே முக்காலுக்கு இறங்கி, கிண்ணியா வீட்டுக்கு வரப் பின்னேரம் ஆறு மணியாகும். வரமாட்டான்.

"உங்கட அடிமட்டத்தக் கொஞ்சம் கீழ வையுங்களன், வாப்பா."

நான் வைக்கவில்லை. காலை எட்டரைக்கு மையவாடியில் அடக்கினோம்.

மையவாடியால் வந்து கால் கழுவும்போது பஸ்மியாவின் போன் அடித்தது. ஒன்பது இருபது. "கட்டுநாயக்காவில நிக்கிறன். உம்மா எப்பிடி?"

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க வான் வாசலில் வந்து நின்றது. அஸருக்கு வாங்கு சொல்லவில்லை இன்னும்.

17, வெள்ளி

எழுத ஏலாது.

20, திங்கள்

பஸ்மியா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பூமியுருண்டை ஒன்று இருக்கிறது. நூல் பிடித்துப் பார்த்தேன். எட்டாயிரத்து எழுநூறு. திரும்பவும் பிடித்தேன். அதேதான்.

தட்டைப் படத்தில் வடக்கே போகப் போக நிலம் இழுபடுகிறதாம். குடா சின்னது, அதில் தெரியாது. இதை எனக்கு ஆர் சொன்னது? சொன்னாலும் நான் கேட்டிருப்பனா?

22, புதன்

றஊப் ஸலாம் சொன்னார். முனீப் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அஸர் வரைக்கும் வைச்சிருக்கலாம் வாப்பா. அந்த மனிசனுக்கு என்ன அவசரம்?"

பஸ்மியா என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் பார்த்தேன்.

25, சனி

முனீப் லண்டனுக்கு வெளிக்கிட்டான். வான் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "றஊப் வைக்கலாம் எண்டவர். நான்தான் நீ வரமாட்டாய் எண்டனான்."

அவன் கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான்.

26, ஞாயிறு

"இறங்கிட்டாராம்" என்றாள் பஸ்மியா. பத்தரை மணித்தியாலம், போன் சொன்னபடியே. அவளுக்குத்தான் கோல் எடுத்திருக்கிறான்.

என்னைக் கேட்டானா என்று நான் கேட்கவில்லை.