மீசை வைத்த வெள்ளிக் காசு

2-2-1959, திங்கள்

கடை திறந்ததுமே தொப்பம்பட்டி மூக்காயி வந்தாள். முந்தானையை அவிழ்த்து ஒரு விக்டோரியா ரூபாயை எடுத்து நீட்டினாள். கல்லில் போட்டேன். ‘டொக்’ என்றது. வெள்ளியாக இருந்தால் ‘கிணீர்’ என்று இழுத்துக்கொண்டு போக வேண்டும். விளிம்பில் அச்சு சேர்ந்த கோட்டை அரத்தால் தேய்த்திருக்கிறான் படுபாவி.

“ஈயம்” என்றேன்.

“ஏனுங்க, எங்க மாமியா குடுத்ததுங்க!”

“அப்ப ஒன் மாமியாளும் ஈயந்தான்” என்றேன். பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் சிரித்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பழைய வெள்ளி வாங்கி விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? காசு பொய் சொன்னால் நானும் சொல்லணுமா?

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி காதர் பீவி சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டாள். “இந்த வாயாலதான் நிலக்கோட்டைச் சம்பந்தம் போச்சு.” உண்மைதான். போன வருஷம் மெஹராஜைப் பெண் கேட்டு வந்தவர்கள் பரம்பரைக் காசு என்று ஒன்றைக் காட்டினார்கள். போலி என்றேன். டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். மகளுக்கு இப்போது இருபத்தொன்று.

6-2, வெள்ளி

அல்லாஹ் கண் திறந்தான். பேகம்பூர் தோல் வியாபாரி சாகுல் ஹமீது, மகன் மீரானுக்கு மெஹராஜைக் கேட்டிருக்கிறார். தங்கமான இடம். அவளுக்கும் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளை பேர் என்ன என்று தெரியாதவள் மாதிரி மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாள் குறிக்க வருகிறார்கள். நோன்புக்கு முன்னால் நிக்காஹ் முடிக்க வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். சாகுல் ஹமீதுக்குப் பழங்காசு சேர்க்கிற பழக்கமாம்.

“எதக் காட்னாலும் ‘அசல்’னு ஒத்த வார்த்த. அதுக்கு மேல வாயத் தொறந்தீங்க, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்” என்கிறாள் காதர் பீவி.

8-2, ஞாயிறு

காட்டினார்.

பச்சைப் பட்டுப் பை. அதற்குள் பதினோரு காசு. “திப்பு சுல்தான் வெள்ளி ரூபா சம்பந்தி! பெங்களூர் போனப்ப ரயில்ல ஒரு பெரிய மனுஷன் எனக்காகவே குடுத்தாரு. மொகத்தப் பாருங்க, அந்த மீசையப் பாருங்க!”

மீசை! திப்புவின் வெள்ளி ரூபாயில் எழுத்துதான் இருக்கும். முகம் ஏது, மீசை ஏது? போதாக்குறைக்குப் பதினோரு மீசையிலும் இடது நுனியில் ஒரே குழி. ஒரே அச்சில் வார்த்தவன் அந்தக் குழியைக்கூடச் சரி செய்யவில்லை. சோம்பேறிக் கள்ளன்!

“சும்மா தட்டிப் பாருங்க” என்றார். தரையில் போட்டேன். டொக்.

கதவுக்குப் பின்னால் காதர் பீவி இருமினாள். வேர்த்து ஊற்றியது. “அசல்” என்றேன்.

அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

9-2, திங்கள்

சரியாகவே சாப்பிடவில்லை. வயிற்றுக்குள் ஒரு ‘டொக்’.

15-2, ஞாயிறு

மோசம் போனேன்.

மஹராக நூற்றியொரு ரூபாய் பேசியிருந்தோம். இன்று சாகுல் ஹமீது வீடு தேடி வந்தார். “நீங்களே அசல்னு சொன்ன பெறகு எனக்குத் தூக்கமே வரல. வெறும் ரூபா எதுக்கு? எம்மருமகளுக்கு அந்தப் பதினொண்ணும் மஹர்!”

மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தே ஆக வேண்டியது மஹர். அவளுக்கே அவளுக்கென்று உள்ள உரிமை. என் மகளின் உரிமை இப்போது பதினோரு ஈயத்துண்டு. அதற்கு முத்திரை குத்தியவன் நான்!

சொன்னால் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் மகளை ஏமாற்றிய தகப்பன். நைனா முகமது, இத்தனை வருஷம் ஊரார் காசையெல்லாம் தட்டிப் பார்த்தாயே, இப்போது உன்னைத் தட்டினால் என்ன சத்தம் வரும்?

18-2, புதன்

சொல்லிவிடுவது என்றே பேகம்பூர் போனேன். “சம்பந்தி, ஒரு விஷயம்” என்றேன். “மொதல்ல சாப்புடுங்க” என்று பிரியாணி வைத்தார். தட்டு காலியானதும் மறுபடி “ஒரு விஷயம்” என்றேன். எலும்பு பார்த்து இன்னும் நாலு துண்டு போட்டார். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பீடாவும் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். கோழை.

22-2, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

மச்சான் பீர் முகமதுதான் பெண் சார்பில் பேசுகிற வக்கீல். இரண்டு சாட்சிகளோடு பெண்ணிடம் சம்மதம் கேட்க உள்ளே போனார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் - ஆளைக் காணோம். வெளியே வந்து சபையில் சொன்னார்:

“பொண்ணுக்குச் சம்மதம். ஆனா, அந்தத் திப்பு காசு மாமா ஆசையாச் சேத்தது, அது அவுககிட்டயே இருக்கட்டும், எனக்கு மொதல்ல பேசுன நூத்தியொண்ணு போதும்னு சொல்லுது.”

ஜமாஅத்தே ‘மாஷா அல்லாஹ்’ என்றது. சாகுல் ஹமீது துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவர் அழுதது வேறு, நான் அழுதது வேறு.

வழியனுப்பும்போது மெஹராஜ் என் காதோரம் சொன்னாள்: “அன்னைக்கு உள்ளதான இருந்தேன் அத்தா. டொக்குன்னு கேட்டுச்சு.”

1-3, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தார்கள். அடுக்களையில் அம்மாளும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன்.

மூன்றாம் நாளே மாமனாரிடம் குழியைக் காட்டிச் சொல்லிவிட்டாளாம்! நான் இரண்டு வாரம் செத்துப் பிழைத்ததை இவள் ஒரு டம்ளர் டீயோடு முடித்துவிட்டாள். அவர் காசுகளைப் பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டே சொன்னாராம்: “ரயில்காரன் போறான், விடு. ஒங்கத்தா அசல்னு சொன்னாரேம்மா! பாவம், கண்ணு மங்கிருச்சு போல. நமக்குத் தெரியும்னு அவர்ட்ட சொல்லிராத, மனசு ஒடஞ்சுருவாரு.”

சாயங்காலம் அவரே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “மதுரைல நல்ல கண் டாக்டர் இருக்காரு சம்பந்தி. சும்மா ஒரு தடவ காட்டிருவோம்” என்றார்.

எனக்கா கண் மங்கல்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. காதர் பீவி இருமவில்லை. நானாகவே விழுங்கிக்கொண்டேன். “வாரேன்” என்றேன்.

3-3, செவ்வாய்

மதுரை போய்வந்தோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். சம்பந்தி முகம் வாடிப்போனது. பஸ்ஸில் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, என் முதுகைத் தடவிக் கொடுத்தார். “அப்ப காதாத்தான் இருக்கும் சம்பந்தி. கவலப்படாதீங்க.”

அடுத்த வியாழன் காது டாக்டர்.