நேராகப் பார், வண்டு

பிப்ரவரி 10, சனி

இன்றும் ஒன்றும் தேறவில்லை. சாப்பாட்டு மேசையை ஓரம் கட்டி, முன்னறைச் சுவரில் சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிட்டு, பிள்ளைகள் இருவரையும் குளிப்பாட்டி உட்கார வைத்தால், மூத்தவள், அந்தப் பெரிய மனுஷிக்குச் சட்டை குத்துகிறதாம். அவள் தம்பி வண்டுக்கு உட்காரவே பிடிக்கவில்லை. ஆறு வயதுக்காரி பேசிப் பேசிக் கொல்கிறாள். மூன்றரை வயதுக்காரன் பேசாமலே கொல்கிறான்.

முதலாளி ஸ்டுடியோவில் குழந்தைகள் படத்துக்கென்று தனிப்பிரிவு தொடங்கப் போகிறார். வாசல் கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு படம் வேண்டும். "உன் வீட்லயே ரெண்டு இருக்கே தம்பி. நீயே எடுத்துட்டு வா, பாப்போம்" என்றார். இத்தனை வருடமாகப் பின்னறையில் கணினி முன்னால் உட்கார்ந்து, யார் யாரோ எடுத்த கல்யாணப் படங்களில் பருவையும் தொப்பையையும் அழித்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தப் 'பாப்போம்' சின்ன வார்த்தை இல்லை. படம் நன்றாக வந்தால் புதுப் பிரிவில் கேமரா என் கையில். இல்லாவிட்டால் மறுபடியும் பருதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மகளாவது பரவாயில்லை. வாயை மூட மாட்டாள், அவ்வளவுதான். இந்தப் பயல் தலையை நேராக வைப்பதில்லை. முகத்தை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஒரு மாதிரி ஓரத்திலிருந்து பார்க்கிறான். சந்தையில் பேரம் பேச வந்த ஆள் மாதிரி.

"நேரா பாருடா."

"பாக்கறேன்ல."

"நேரான்னா நேரா. அக்கா மாதிரி."

"நேராதான் பாக்கறேன்."

தாடையைப் பிடித்துத் திருப்பி வைத்தேன். கையை எடுத்ததும் பழையபடி கோணல். மறுபடி திருப்பினேன். மறுபடி கோணல். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல்: "குழந்தையை ஏன் போட்டுத் திருகறீங்க? அது என்ன குழாயா?"

கடைசியில் எழுந்து ஓடினவன், இடப்பக்கம் நின்ற விளக்குத் தாங்கியில் போய் முட்டினான். விளக்கு விழுந்து உடைந்தது. "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு" என்று கத்திவிட்டேன். அழுதான். இவன் எப்போதும் எதிலாவது முட்டிக்கொள்கிறவன்தான். கதவு நிலை, நாற்காலி, அக்கா. எதையும் பார்த்து நடப்பதில்லை.

பிப்ரவரி 14, புதன்

விளக்கு பழுது பார்க்கிறவர் அடுத்த வாரம் என்கிறார். எந்த வருடத்து அடுத்த வாரம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

பொறுமை போய்விட்டது. விளக்கு இல்லாமல், கேமரா தலையில் மாட்டுகிற சின்ன ஃப்ளாஷையே போட்டு எடுத்தேன். தரையோடு தரையாகக் குனிந்தபோது என் கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. நல்ல சத்தம். பெரிய மனுஷி, "அப்பா, ஜன்னல் திறந்துக்கிச்சு" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வண்டு ஒரே ஒரு முறை நேராகப் பார்த்தான். விரல் தானாக அழுத்திவிட்டது.

கிடைத்துவிட்டது. கிழிசல் போனால் போகட்டும்.

ஃப்ளாஷ் நேரே அடித்தால் கருமணி சிவப்பாக எரியும். அதைச் சரிசெய்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மகளின் கண் இரண்டும் ஒரு சொடுக்கில் கறுத்தன. வண்டின் வலது கண்ணும் கறுத்தது. இடது கண்தான் மக்கர் பண்ணுகிறது. சிவப்பாக இருந்தால்தானே கறுக்கும். அது பால் தெளித்த மாதிரி வெளிறிக் கிடக்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

இரண்டு நாளாக அந்த ஒரு கண்ணோடு மல்லுக்கட்டு. கறுப்பை வைத்தால் ஓட்டை மாதிரி இருக்கிறது. சாம்பலைக் கலந்தால் பொம்மைக் கண். கணினியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல வந்தது. கடைசியில் அவனுடைய வலது கண்ணையே நகலெடுத்து, திருப்பிப் போட்டு, இடது கண்ணின் மேல் ஒட்டி, ஓரங்களைக் கரைத்துவிட்டேன். கச்சிதம். நானே தேடினாலும் ஒட்டு தெரியாது.

மனைவி பார்த்தாள். வங்கிக் கவுண்டரில் நாளெல்லாம் கையெழுத்துகளை ஒத்துப் பார்க்கிறவள். அவள் கண்ணுக்குத் தப்பினால் யார் கண்ணுக்கும் தப்பும்.

"அழகா இருக்கு. ஆனா என்னமோ மாதிரி இருக்கு."

"என்ன மாதிரி?"

"தெரியல. இவன் நம்மளை இப்படிப் பாக்க மாட்டானே."

பாராட்டக்கூட ஒரு மனசு வேண்டும். அவளுக்கு அது இல்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

முதலாளி எழுந்து நின்றே பார்த்தார். "தம்பி, கண்ணு பேசுது." பெரிதாக அச்சிட்டு இன்றே வாசலில் வைத்தாகிவிட்டது. இனி ஆல்பத்துக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்.

சந்தோஷப்படலாம் என்று உட்கார்ந்தால், ஞாயிறன்று எடுத்த மற்ற படங்களிலும் அதே வெள்ளை. வண்டின் கண்ணில் ஃப்ளாஷ் பட்ட படம் எதுவானாலும் அதே இடது கண். ஃப்ளாஷின் கோளாறு என்றால் மகளுக்கு ஏன் இல்லை? லென்ஸில் தூசி என்றால் இடம் மாறாதா? ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சலித்துப்போகிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதிடறேன்.

மத்தியானம் வண்டு வீறிட்டான். போய்ப் பார்த்தால் அக்காக்காரி பின்னாலிருந்து அவன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். திட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணல. இந்தக் கண்ணை மூடினா அவன் அழுவான். அந்தக் கண்ணை மூடினா அழ மாட்டான். எப்பவும் அப்படித்தான்."

"எப்பவும்னா?"

"எப்பவும்."

நானே செய்து பார்த்தேன். இடது கண்ணைப் பொத்தினேன். தரையில் கிடந்த சிவப்பு காரை ஓடிப்போய் எடுத்தான். வலது கண்ணைப் பொத்தினேன். கார் அதே இடத்தில் கிடக்கிறது. அவன் நகரவில்லை. கையை முன்னால் நீட்டித் துழாவினான். பிறகு என் விரல்களைப் பிய்க்க ஆரம்பித்தான். "எடுப்பா, தெரியல. எடுப்பா."

நேரா பாரு, நேரா பாருன்னு கழுத்தைப் பிடிச்சுத் திருப்பினேனே. அவன் நேராத்தான் பாத்திருக்கான். தெரியற கண்ணால.

பிப்ரவரி 26, திங்கள்

வழக்கமாகப் போகும் குழந்தை மருத்துவரிடம் போனோம். டார்ச் அடித்துப் பார்த்தார், அதற்குள் வண்டு கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். "போட்டோல தெரியுதுங்களா? காட்டுங்க." கைபேசியை நீட்டினேன். நீட்டின பிறகுதான் உறைத்தது. அது ஒட்டின படம்.

"நல்லாத்தானே இருக்கு. ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி பளிச்சுன்னு இருக்கே."

ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே கண்தானே. ஒட்டினதைச் சொல்லாமல் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அசல் படங்களைத் தேடினேன். சரிசெய்ததையெல்லாம் அசலின் மேலேயே சேமித்து வைத்திருக்கிறேன். அவசர புத்தி. மனைவி பக்கத்தில் நின்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. கடைசியில், உதவாது என்று ஒதுக்கித் தள்ளின படங்கள் குப்பைத் தொட்டிக் கோப்பில் அப்படியே கிடந்தன. ஆடிப்போனவை, பாதி முகம் வெட்டுப்பட்டவை, வாய் பிளந்தவை. எல்லாவற்றிலும் அந்த வெள்ளை.

பிப்ரவரி 28, புதன்

கண் மருத்துவமனை. இந்த டாக்டரம்மா ஒதுக்கின படங்களைப் பார்த்ததும் வேறு கேள்வியே கேட்கவில்லை. சொட்டு மருந்து விட நாங்கள் மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கருவியில் அவர் பார்த்த நேரம் முழுக்க நான் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன், கடைசி வரி வரை.

"ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு புரை, குழந்தைங்களுக்கும் வரும். இன்னொண்ணு உள்ள கட்டி. அது இல்லன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். வெள்ளிக்கிழமை ஸ்கேன் எடுத்துடலாம்."

"கட்டின்னா?" என்றாள் மனைவி.

"வெள்ளிக்கிழமை பேசலாம்மா."

பிப்ரவரி 29, வியாழன்

வேலைக்குப் போனேன். மணப்பெண்ணின் தாடையில் உள்ள தழும்பை எடுக்கச் சொன்னார்கள். கை போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசலில் ஆளுயரத்துக்கு வண்டு சிரிக்கிறான். பின்வாசல் வழியாக வெளியேறினேன்.

மார்ச் 1, வெள்ளி

கட்டி இல்லை. புரை.

மனைவி அங்கேயே தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைக்குக் கண்புரை என்று கேட்டுச் சிரித்த தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு டாக்டரம்மா மீதியைச் சொன்னார். "புரையை எடுத்து லென்ஸ் வெச்சுடலாம். ஆனா இவன் மூளை இந்தக் கண்ணை நம்பறதையே விட்டுடுச்சு. நல்ல கண்ணை தினம் கொஞ்ச நேரம் மூடி வெச்சு, இதை வேலை வாங்கணும். வருஷக்கணக்குல. இன்னும் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"பார்வை எவ்வளவு வரும்?"

"வரும். எவ்வளவுன்னு இப்ப சொன்னா அது பொய்." படங்களைத் திருப்பிக் கொடுத்தபடி கேட்டார்: "யார் கவனிச்சது?"

மனைவி சொன்னாள், "இவர்தான்."

பேருந்தில் வண்டு என் மடியில் தூங்கிப்போனான். "நான் கவனிக்கல. அழிச்சேன்" என்றேன்.

"தெரியும்." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானும்தான் தினம் சாதம் ஊட்டறேன். எனக்குத் தெரிஞ்சுதா?"

மார்ச் 5, செவ்வாய்

வாசல் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். முதலாளி வண்டைப் பற்றிக் கேட்டு நிஜமாகவே வருந்தினார். லீவு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார். படத்தை மட்டும் எடுக்க மனமில்லை.

"ஒட்டினது யாருக்குத் தம்பி தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப ஆல்பம்?"

"வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க."

முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் படம் இறங்கியது. புதுப் பிரிவுக்கு வெளியாள் ஒருவரைப் பேசப் போகிறாராம். எரிச்சலாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது பொய்.

மார்ச் 14, வியாழன்

அறுவை முடிந்தது. வண்டு விழித்ததும் முதலில் கேட்டது: "சிவப்பு கார் எங்க?"

ஏப்ரல் 6, சனி

நல்ல கண்ணின் மேல் ஒட்டுத்துணி, அதற்கு மேல் மூக்குக் கண்ணாடி. ஒட்டின நிமிடமே பிய்க்கிறான். மறுபடி ஒட்டினால் மறுபடி. கதவில் ஒன்று, குளிர்பெட்டியில் ஒன்று, என் முதுகில் ஒன்று ஒட்டியிருக்கிறது; அதோடு கடைக்குப் போய்வந்தேன். பெரிய மனுஷி தம்பிக்குத் துணை என்று தானும் ஒன்றை ஒட்டிக்கொண்டு பக்கெட்டை உதைத்துவிட்டாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். "தெரியலப்பா, தெரியலப்பா" என்று கதறினான். "தெரியும்டா, பாரு, பார்க்கப் பார்க்கத்தான் தெரியும்" என்று நானும் கத்தினேன். பக்கத்து வீட்டில் ஜன்னலை மூடும் சத்தம் கேட்டது. மனைவி வந்து, "நீங்க கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்க" என்றாள். தெருமுனை வரை போய் நின்றேன். நல்லா தெரியற கண்ணை மூடிட்டு தெரியாத கண்ணால பார்னு எந்த அப்பன் சொல்லுவான்? சொல்லத்தான் வேணும். நாளைக்கும் சொல்லணும்.

திரும்பி வந்தபோது ஒட்டுத்துணியோடு அம்மா மடியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து, "இது கெட்ட கண்ணு" என்றான்.

"கெட்டதில்லடா. சோம்பேறி. உங்கப்பன் மாதிரி."

சிரிக்கவில்லை.

மே 19, ஞாயிறு

பரிசோதனையில் கொஞ்சம் முன்னேற்றம் என்கிறார் டாக்டரம்மா. எனக்குத் தெரிந்து, முட்டிக்கொள்வது குறையவில்லை. ஒட்டினால் அழுவது மட்டும் குறைந்திருக்கிறது. பழகிவிட்டதா, அலுத்துவிட்டதா?

ஜூன் 12, புதன்

காலையில் நல்ல கண்ணில் ஒட்டுத்துணி போட்டு, கண்ணாடி மாட்டி, மேசையில் எனக்கு எதிரே உட்கார வைத்தோம். பாலைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, உன் சட்டையில பட்டன் காணோம்."

மனைவி பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள். சும்மா அடித்து விடுகிறான் என்று நினைத்தேன்.

"எங்கடா?"

"அந்த நடுவுல."

குனிந்து பார்த்தேன். நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் நேத்தே பாத்தேன்" என்றாள் பெரிய மனுஷி.

"நீ பாக்கல. நான்தான் பாத்தேன்."

"நான்தான்."

"நான்."

பால் கொட்டியது. யாரும் திட்டவில்லை. மனைவி ஊசி நூலோடு வந்து, "கழட்டுங்க, தைச்சுத் தரேன்" என்றாள். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம், நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அப்படியே கிளம்பினேன். நேரமெல்லாம் ஆகவில்லை.