பாதி துருப்பிடித்த போல்ட்

பாப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஜீப்பை எடுக்காதே, சாவி என்னிடம்தான் இருக்கிறது.

நேற்று மேட்டில் டயர் கழன்றதற்கு, "கண்ணை எங்கே வெச்சு ஓட்டினே?" என்று பட்டறையில் எல்லார் முன்னாலும் கத்தினேன். இன்று காலையில், டயரைக் கவ்விப் பிடிக்கும் வளையத்தில் முறிந்திருந்த போல்ட்டைத் துடைத்துப் பார்த்தேன். முறிந்த இடத்தில் பாதி துரு. அப்படியென்றால் விரிசல் பழையது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அந்த போல்ட்டுகளை முடுக்கிப் பார்ப்பது என் வேலை. பார்க்காமல் விட்டது நான், திட்டு வாங்கியது நீ.

புது போல்ட் வாங்கப் போகிறேன். அதற்கு முன் பட்டறைக்குப் போய், அதே ஆட்கள் முன்னால் இதைச் சொல்வேன்.

அப்பா

உன் கையில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்தும், வளையம் நெளிந்ததா என்றுதான் நேற்று கேட்டேன். கை வலிக்குதா?