சீலைக்கு மேல் பூட்டாத கோட்டு

பிராண்டே
மார்கழி, கிறிஸ்து பிறப்பு ஒளிவிழா முடிந்து மறு கிழமை

அன்புள்ள மகள் லக்சனாவுக்கு அப்பா எழுதுவது,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். எழுத்துகள் மழைக்கு ஒதுங்கிய கோழிகளைப் போல ஒன்று அங்கும் ஒன்று இங்குமாக நிற்கும், சில வரிக்கு மேலே ஏறியிருக்கும், சில கீழே சறுக்கியிருக்கும், ஆனாலும் ஒவ்வொன்றும் நானே போட்டது. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்ல அம்மா எழுதியவை. இது முழுக்க என்னுடையது. எழுபது வயதுக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் பீற்றர் வாத்தியாரிடம் அ, ஆ படித்தவனின் முதற் கடிதம். ஒரு பக்கம் நிரம்புவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது, ஆறின தேநீர்கூட இப்போது எனக்கு இனிக்கிறது. ஆண்டவர் தயவில் நாங்கள் இருவரும் சுகம். மெல்பேர்ண் வெயிலில் நீயும் மருமகன் பிரதீபனும் சுகமாக இருக்கவேண்டும் என்று மன்றாடிக்கொண்டு விசயத்துக்கு வருகிறேன். அம்மாவின் கோட்டு என்ன ஆனது என்று நீ தொலைபேசியில் கேட்டபோது அவர் "அது கிடக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். அது கிடக்கவில்லை. நடந்ததை நான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. நீ அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெயும் பட்டியும் அனுப்பினாயே, அந்த முழங்காலில் ஒரு நோயும் இல்லை. போன வருட ஒளிவிழாவுக்கு அம்மா முதியோர் இல்லத்தில் வேலை விட்டபோது அவர்கள் கொடுத்த கறுப்பு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்தார், நெஞ்சில் இல்லத்தின் பெயர் வெள்ளை நூலில் தைத்தது. உனக்கு நம் மண்டபத்து வாசல் தெரியும். எல்லாரும் பனிச் சப்பாத்தைக் கழற்றிச் செருப்பு மாற்றி, கோட்டுகளைக் கொளுவும் இடம். அங்கேதான் பெண்கள் ஒருவரை ஒருவர் அளப்பது, உள்ளே பாலன் பிறப்பது பிறகுதான். பேரப்பிள்ளை பாடுகிறது என்று ஒடென்சேயிலிருந்து வருடா வருடம் வருகிற பாலேந்திராவின் மனைவி செல்வமலர், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன திரேசாக்கா, வேலை முடிஞ்சு நேர இஞ்சை வந்திட்டியளோ?" என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அதற்குப் பிறகு தவக்காலப் பாடு, பாஸ்கா, திருமணம், பிறந்தநாள் ஒன்றுக்கும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் முழங்கால்.

பிறகு இலையுதிர்காலம் தொடங்க, அம்மா மாலைப் பள்ளியின் தையல் வகுப்பில் சேர்ந்தார். நல்லது, வீட்டை விட்டு இறங்குகிறாரே என்று நினைத்தேன். ஆனால் என்ன வகுப்பு அது மகள்! வயதான டெனிஷ் பெண்கள் கூடி கோப்பி குடித்து, கேக் வெட்டி, இடையில் ஒருமுறை ஊசியில் நூல் கோர்ப்பார்கள். நடுவில் ஒரு சஞ்சிகை கிடக்கும், இந்தக் குளிர்காலத்துக்கு என்ன வரப்போகிறது என்று படம் போட்டது. அம்மா அதை இரவல் வாங்கி வந்து எனக்கும் காட்டினார். அந்தப் பெண்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் வயிற்றுக்குத்து. ஒருத்தியின் தோள் கதவு நிலையில் இடிக்கும் அகலம். ஒருத்தியின் கையுறை முழங்கை தாண்டிப் போகிறது, ஆனால் கழுத்துத் திறந்து கிடக்கிறது. நிறமோ, போன வருடம் மண் நிறம், இந்த வருடம் அடிப்பிடித்த சீனிப்பாகு நிறம், அதற்கு ஒரு அழகான பெயர். இந்த நாட்டில் குளிர் ஆயிரம் வருடமாக ஒரே குளிர்தான், அதற்கு ஏன் வருடத்துக்கு ஒரு புதுச் சட்டை என்று எனக்கு விளங்கவே இல்லை. எல்லாவற்றிலும் பெரிய கூத்து, கோட்டோடு சேர்த்தே ஒரு சால்வையைத் தைத்து, தோளால் பின்னுக்குத் தொங்க விட்டிருந்தார்கள். சால்வையைத் தொலைக்கிற சோம்பேறிகளுக்காக்கும் என்றேன். அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. "இஞ்ச பாருங்க, சீலைத் தலைப்பு மாதிரி இரிக்கு" என்றார். வைன் நிறத்தில் கம்பளித் துணி எடுத்து அதையே தைக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் நீ ஒரு படம் அனுப்பினாய். ஏன் அம்மா கஷ்டப்படுறீங்க, இதை ஓர்டர் பண்ணுங்க என்று. நான் அதையும் பார்த்தேன். கொக்கைப் போல ஒற்றைக் காலில் நிற்கிற ஒருத்தி, கோட்டு பாதித் தோளில் வழுகிக் கிடக்கிறது. மருமகனின் கணுக்கால் தெரியும் காற்சட்டை வந்த அதே கடையாக இருக்கவேண்டும். நீ நல்ல மனதோடுதான் அனுப்பினாய், எனக்குத் தெரியும். ஆனால் அம்மா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் தைச்சு முடிப்பன் எண்டு அவளுக்கும் நம்பிக்க இல்ல" என்று மட்டும் சொன்னார். அது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், குறைக்கு இல்லை.

கோட்டு முடிந்தது. குற்றம் சொல்ல நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. விழாவுக்கு முந்தின நாட்களில் அம்மா காஞ்சிபுரத்தை உடுத்து, அதற்கு மேல் கோட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டிப் பார்த்தார். பூட்டவில்லை. வயிற்றில் சீலைக் கொய்யகம் மடித்துச் செருகிய இடத்தில் ஒரு சாண் திறந்து நிற்கிறது, தோளில் பின் குத்திய தலைப்பு உள்ளே திரண்டு கூன் விழுந்த மாதிரி இருக்கிறது. பிறகுதான் விளங்கியது. வகுப்புக்கு அம்மா காற்சட்டையும் சுவெற்றருமாகத்தான் போவார், ஆசிரியை கியர்ஸ்டன் அதற்கு மேலால்தான் அளவெடுத்தார். உள்ளே ஆறு யார் பட்டு இருக்கப்போகிறது என்று கியர்ஸ்டனுக்கு எப்படித் தெரியும்? டெனிஷ்காரருக்கு நடுவில் இருந்த அம்மாவுக்கே அது மறந்து போனதே. சரி, பிரித்து விடலாம் என்றால் உள்ளே துணி இல்லை. நம் சட்டையில் ஓரம் இரண்டு விரல் மடித்து விட்டிருக்கும், பிள்ளை பெற்றாலும் உடம்பு வைத்தாலும் பிரித்துக்கொள்ளலாம். இங்கேயோ தையலோடு ஒட்ட நறுக்கி எறிந்துவிடச் சொல்லிப் படிப்பிக்கிறார்கள். இந்த ஊரில் நாளைக்கு ஒருவரும் உடம்பு வைக்கமாட்டார்கள் போலும்! அந்த வைன் நிறத் துணியும் கடையில் முடிந்து போயிற்று. அம்மா கோட்டைக் கழற்றி மடித்தார். "எனக்கு முழங்கால் நோகுது" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. அந்த ஆத்திரத்தில் என் சாம்பல் நிறக் கோட்டை எடுத்து மேசையில் போட்டேன். நான் இந்த நாட்டுக்கு வந்த முதற் குளிருக்கு வாங்கியது, உன் உறுதிபூசுதல் படத்தில்கூட அதோடுதான் நிற்கிறேன். அதுவும் பெரிய கோட்டு ஒன்றுமில்லை, கொலர் கிழட்டு ஆட்டின் காதைப் போலத் தொங்கும், ஆனால் கம்பளி நல்ல கம்பளி. அம்மா, "பைத்தியமா உங்களுக்கு, நீங்க என்னத்தப் போடுவீங்க?" என்றார். வெட்டப் போகிறாயா, நான் வெட்டட்டுமா என்று கத்தரிக்கோலை எடுத்தேன். என் கையில் கத்தரிக்கோலைக் கண்ட பயத்தில் அவரே பறித்து வெட்டினார். இரண்டு பக்கத்திலும் அக்குளிலிருந்து கீழ் வரைக்கும் சாம்பல் பட்டி ஒவ்வொன்று, தோளுக்குப் பின்னால் இன்னொரு துண்டு. சீலைக்கு மேல் போட்டுப் பார்த்தார். பொத்தான் எல்லாம் தானாகப் போய் விழுந்தன.

விழா அன்று அதே வாசல், அதே ஆட்கள். செல்வமலர் எங்களுக்கு முன்னால் நிற்கிறார், உடம்பில் என்ன என்று நினைக்கிறாய்? அதே வைன் நிறம், அதே ஒட்டுச் சால்வை, கடையில் வாங்கியது. ஆனால் பட்டுக்கு மேலால் பூட்டவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா கழுத்து வரைக்கும் பூட்டியபடி நின்றார். செல்வமலர் ஏற இறங்கப் பார்த்து, பக்கத்துப் பட்டியைத் தொட்டு, "இதென்ன அக்கா, ரெண்டு கலரிலை? இந்த வருசம் இப்பிடியோ வருது?" என்று கேட்டார். "ஓம் செல்வமலர், சீலைக்கு மேல போடுறதெண்டா இப்படித்தான் வரும்" என்றார் அம்மா. எங்கே எடுத்தது என்று கேட்க, "நான் தைச்சது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். செல்வமலர் கிட்ட வந்து மெதுவாக, "என்ரயையும் இப்பிடிச் செய்யேலுமோ அக்கா?" என்றார். அம்மா இந்த முறை நாலு பேருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "கொண்டு வாங்க. வரக்குள்ள உங்கட மனிசன்ட கோட்டொண்டையும் கொண்டு வாங்க." பாலேந்திரா தன் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மண்டபமே சிரித்தது, செல்வமலரும் சிரித்தார். பிள்ளைகள் பாடியது ஒன்றும் எனக்குக் காதில் ஏறவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்கு அம்மா எனக்கு முன்னால் நடந்து போனார், அந்த நடையை எட்டிப் பிடிக்க நான்தான் பாடுபட்டேன்.

நான் என்ன போட்டுக்கொண்டு போனேன் என்று கேட்பாய். முதியோர் இல்லத்து ஜக்கெற்றைத்தான். நெஞ்சில் வெள்ளை நூலில் பெயர் இருக்கிறது, அது டெனிஷ் எழுத்து, அம்மா சொல்லித் தர எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன், வருகிறது. சஞ்சிகையில் போடும் புதுமைகள் எல்லாவற்றையும் விட நல்ல சூடு.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்று. அம்மாவுக்குப் படம் அனுப்பாதே, உன் அளவை அனுப்பு. இங்கே பனி கரையும்போது உனக்கு அங்கே குளிர் தொடங்கும், அதற்குள் உனக்கொரு கோட்டு தைக்கவேண்டும் என்று அம்மா துணி பார்த்துவிட்டார், ஆனால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று கேட்கப் பயப்படுகிறார். நான் கேட்கிறேன். சீலை உடுத்து நின்று அளந்து அனுப்பு, மறந்துவிடாதே. ஓரத்தில் இரண்டு விரல் துணி உள்ளே விட்டே தைப்பார். மருமகனின் கோட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லு.

ஆண்டவரும் அன்னை மரியாளும் உங்கள் இருவரையும் காக்கட்டும். கை வலிக்கிறது, ஆனால் சந்தோச வலி. இந்தக் கடிதத்தில் 'ழ' எல்லாம் வாலில்லாமல் இருக்கும், வருகிற கிழமை எழுதும்போது வாலோடு வரும்.

என்றும் உன் மேல் பட்சமுள்ள அப்பா,
ம. செபஸ்தியாம்பிள்ளை
(கையொப்பமும் நானே போட்டது)