உலையை அணைக்காமல் மாற்றுவது

அன்புச் சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். நல்ல சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். எங்கள் பாட்டில் தொழிற்சாலை இங்கேயே இருக்கப்போகிறது. அது போகவிருந்தது என்பதே உனக்குத் தெரியாது. நிலக்கரி உலையை வருஷக் கடைசிக்குள் நிறுத்திவிட்டு மின்சார உலைக்கு மாறவேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது, ஆலைகளுக்கு மின்கட்டணத்தை ஏற்றியதும் அதே அரசாங்கம்தான். பக்கத்து மாநிலத்தில் கரண்ட் மலிவு, புகையைக் கேட்பாரும் இல்லை, அங்கே செய்கிறவன் விலைக்கு நம்மால் விற்கமுடியாது, நாமும் அங்கேயே போய்விடலாம் என்று முதலாளி கிளம்பிவிட்டார். கண்ணாடி உலை வீட்டு அடுப்பு மாதிரி இல்லையம்மா, அணைத்தால் உள்ளே இருப்பது கல்லாய் உறைந்து உலையே போய்விடும். நானூறு பேரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தோம்.

உத்தரவைப் பற்றி ஊரில் கருத்துக் கேட்க அதிகாரிகள் ஒரு கூட்டம் வைத்தார்கள். "நீங்க பேசினா எடுபடும்க்கா" என்று மேனேஜர் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார், புகையால் யாருக்கும் தொந்தரவில்லை என்று அதில் இருந்தது. மைக் முன்னால் நின்றால் முதல் வரிசையில் அப்பாவுக்கு இருமல் மருந்து கொடுக்கும் நர்ஸ் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார். தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். "புகை இருக்குதுங்க, என் வீட்டுக்காரர் இருமுறது எனக்குத்தானே தெரியும். மாறச் சொல்றது நியாயம். ஆனா மாறுறதுக்கு நாளும் கொடுக்காம கரண்டையும் ஏத்தினா, புகை ஒழியாது, வேற ஊர்ல போய்ப் புகையும், நாங்க நடுத்தெருவுல நிப்போம்" என்றேன். புது உலைக்கு எத்தனை மாதம் ஆகும் என்று அதிகாரி கேட்டார், அது எனக்கென்ன தெரியும், உலை ஆட்கள் பக்கம் திரும்பினேன். எங்கள் உலை மேஸ்திரி மௌனசாமி எழுந்தார், "பழசு எரியும்போதே பக்கத்துல புதுசு கட்டணும், பதினெட்டு மாசம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷத்துக்கு அவர் பேசவேண்டியது தீர்ந்தது. மேனேஜர் ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை. "ஆலைய மூடுறதுக்கு முன்னாடி உன் சீட்டக் கிழிச்சிடுவாங்க போல" என்று அப்பா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று புது உத்தரவு வந்தது. மாறுவதற்கு இரண்டு வருஷம், மாறுகிற ஆலைக்குக் கரண்ட் விலையில் சலுகை, அதுவரை புகைபோக்கியில் வடிகட்டி கட்டாயம். முதலாளி ஒப்புக்கொண்டார். மேனேஜர் என் சோதனை மேசைக்கு வந்து ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுடுங்கக்கா" என்றார். அவர் போனதும் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன், பாட்டில்கள் தம் பாட்டுக்கு ஓடின, பக்கத்துப் பெண்தான் பெல்ட்டை நிறுத்தினாள். மின்சார உலை வந்தால் கரி அள்ளும் முப்பது பேருக்கு அந்த வேலை இருக்காது, அவர்களில் உன் மாமாவும் உண்டு. வேறு வேலை பழக்கித் தருவதாகச் சொல்கிறார்கள், எழுத்தில் கொடுத்தால்தான் நம்புவேன் என்கிறார், அதுவும் சரிதான்.

மூன்று மாதமாகப் போனில் "இங்கே ஒன்றும் விசேஷமில்லை" என்றதெல்லாம் பொய், மன்னித்துக்கொள். நீயும் அப்படி எதையாவது விழுங்கிக்கொண்டிருந்தால் இப்போது சொல், கேட்கத் தெம்பு வந்திருக்கிறது. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உன்னோடு. கடிதமாகவே பதில் போடு, போனில் என்றால் மழுப்பிவிடுவாய்.

அன்புடன்,
உன் அம்மா